நானும் கை தட்டினேன்

கொட்டச்சேடு,
ஞாயித்துக்கெழமை

அன்பு மகள் தேவகுமாரிக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உன் தம்பி சுப்பிரமணியும் ஒரு கொறையுமில்லாம இருக்கறோம், மஸ்கட்ல நீயும் மாப்பிள்ளையும் சொகமா இருக்கோணும்னு தெனமும் நெனச்சுக்கறேன். மொளகு இந்த வருசம் பரவால்ல, பறிக்கத்தான் ஆள் கெடைக்கல. முட்டி வலிக்கு நீ அனுப்புன தைலந்தான் தேய்க்கறேன். இதப் போன்லயே சொல்லியிருக்கலாம், வாய் வரல சாமி, அதான் கடுதாசியா எழுதிப் போட்டோப் புடிச்சுப் போன்ல அனுப்பறேன்.

நேத்து கட்சி மாநாட்ட டிவியில காட்டுனாங்க, நூர் முகமது பாய் டீக்கடையில ஊரே உக்காந்து பாத்தோம். மொதல்ல பேசுனவரு கணக்கா அடுக்குனாரு, பாதிப் பேருக்குக் கொட்டாவி. அடுத்தவரு எதிர்க்கட்சிய வஞ்சாரு, அதுக்கு மட்டும் விசில். அப்பறம் நம்ம மலைக்குப் பொறுப்பா இருக்கற வேலுசாமி, சேலத்துக்காரரு, அவரு ஏறுனாரு. அவசரத்துக்கு ஒரு டாக்டர் இல்லாம மலைச் சனம் படற பாட்டப் பேசுனாரு. வயித்து வலியில துடிச்ச அம்மாள ஜீப்புல போட்டுக்கிட்டு குப்பனூர் ரோட்டுல எறங்குனது, மரம் உழுந்து வழி அடைச்சுக்கிட்டது, பெத்த புள்ள மடியிலயே உசுரு போனது, எல்லாத்தையும் தன்னோட அம்மாளுக்கு நடந்ததாச் சொன்னாரு. அது உங்கம்மா லட்சுமி உன் மடியில செத்தது கண்ணு. நீ காலேஜ்ல படிக்கறப்ப நோட்டுல எழுதி வெச்சியே, அது வரைக்கும் ஒரு வார்த்தகூட மாறல. கடைசியா அந்தத் தாய் கட்சிய உட்றாதே மகனேன்னு சொல்லிட்டுக் கண்ண மூடுனாளாம். பந்தலே எந்திரிச்சுக் கை தட்டுச்சு, டீக்கடையிலயும் எல்லாருந் தட்டுனாங்க. நானுந் தட்டுனேன். எல்லாரும் தட்டறப்ப சும்மா இருந்தா ஏன்னு கேப்பாங்களேன்னு தட்டுனேன்.

அந்த நோட்ட நாந்தான் குடுத்தேன். பொங்கலுக்கு முந்தி அவரு ஊட்டுக்கு வந்து, மலைக் கஷ்டத்தப் பேசோணும், ஏதாச்சும் இருந்தாக் குடுங்கன்னாரு. தம்பிக்கு எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் வேலைக்குச் சொல்றேன்னும் சொன்னாரு. உன்னை ஒரு வார்த்த கேக்காம உன் பொட்டியத் தெறந்து எடுத்துக் குடுத்துட்டேன், நொம்பத் தப்பு. அதோட நின்னுருந்தாக்கூடப் பரவால்ல. அன்னைக்கு ஜீப்புல உங்கம்மா கால மடியில வெச்சுக்கிட்டு வந்த குப்பாயி நேத்து டீக்கடையில இருந்துச்சு. ஏனுங்க, இது நம்ம லட்சுமிக்கு ஆனதல்லீங்களான்னு எல்லாத்துக்கும் முன்னால எங்கிட்டக் கேட்டுச்சு. தம்பி வேலை திங்கக்கெழமை தெரியுங்கறதுதான் எம் மனசுல ஓடுச்சு. இல்ல குப்பாயி, மலையில இப்பிடி எத்தனையோ ஊட்டுல நடக்குதுன்னு சொல்லிட்டேன். அது டீயப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

அந்தப் பேச்சு இப்பப் போன்ல சுத்துதாம், உனக்கும் வரும். அதுக்கு முந்தி எங்கிட்டயிருந்தே தெரிஞ்சுக்க. உங்கம்மா கட்சியப் பத்தி ஒண்ணுஞ் சொல்லல. ஜீப்புப் படுதாவ எறக்கி உடுங்க, புள்ளைக்குக் குளுருதுன்னு சொன்னா, அதுதான் கடைசி. நீ அதையும் எழுதியிருந்தே, அந்த எடத்த மட்டும் அவரு எடுத்துட்டாரு. நாளைக்கு மொத பஸ்ஸுக்குச் சேலம் போயி நோட்ட வாங்கிட்டு வந்தர்றேன், வேலை போனாப் போவுது. குப்பாயி ஊட்டுக்கு எப்பிடிப் போறதுன்னுதான் தெரியல.

மாசமா இருக்கறவ, பாரந் தூக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போற தேதியத் தவற உடாதே. நீயும் மாப்பிள்ளையும் பொறக்கப் போற புள்ளையும் நூறு வருசம் நல்லா இருக்கோணும் சாமி. தம்பிக்கு இன்னும் எதுவுந் தெரியாது, அவன்கிட்ட நானே சொல்லிக்கறேன்.

உங்கம்மாள ஊரறிய இல்லைன்னு சொன்ன அப்பன்,
மாரியப்பன்