மெர்லியேர் எங்கே போயிற்று

பூர்கோஞ்,
மார்ச் மாதக் கடைசி ஞாயிறு

அன்பு மகள் சொலாஞ்சுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சிலி நாட்டில் உங்களுக்கு இப்போது அறுவடை நேரம். கையெல்லாம் திராட்சைக் கறையோடு இதைப் பிரித்துக்கொண்டிருப்பாய். இங்கே கொடிகளைக் கழித்து முடித்துவிட்டோம். குச்சிகளை எரிக்கிற புகை சரிவு முழுவதும் நிற்கிறது. இந்த வசந்தத்தில் இன்னும் உறைபனி விழவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் விழுந்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டு இருக்கிறது.

தொலைபேசியில் பேசலாமே என்று கேட்பாய். தொலைபேசி அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

எனக்கு ஒரு குழப்பம், மகளே. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒயினிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் ஒயின் தரகர் கோதிலோ வழக்கம்போலப் பீப்பாய்களை ருசி பார்க்க வந்தார். அப்பா அவரை நிலவறையில் முதலில் நம் மேல்தோட்டத்து மெர்லியேரிடம் கூட்டிப்போனார். மெர்லியேர் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிறிய சிவப்பு. வாயில் விட்டதும் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். விழுங்கிய பிறகுதான் புளிப்புச் செர்ரி வரும், பிறகு மழையில் நனைந்த கல், கடைசியில் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டது போல ஒரு துளி இரும்பு. "கூச்சக்காரப் பொண்ணு அவ. வாசல்லயே நிப்பா. உள்ள வந்துட்டா அப்புறம் போகமாட்டா" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாரே. கீழ்த்தோட்டத்து ஒயினை அவர் அப்படி அறிமுகம் செய்ததே இல்லை. ஒரே பினோ நுவார் திராட்சைக் கொடிதான், நடுவில் ஒரு வண்டிப்பாதைதான். ஆனால் மேலே மண்ணுக்குப் பதில் சுண்ணாம்புக்கல், கீழே காலை இழுக்கிற களிமண். கீழ்த்தோட்டத்து ஒயின் கறுத்து, தடித்து, வந்த வேகத்தில் போய்விடும்.

கோதிலோ ஒரு வாய் வைத்தார். துப்பினார். வேறு பீப்பாயிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். மறுபடி துப்பிவிட்டு, "என்னய்யா கஸ்தோன், இது மெர்லியேர் இல்லையே" என்றார்.

"பீப்பாய் மேல எழுதியிருக்கு. படிக்கத் தெரியாதா?" என்றார் அப்பா.

"படிக்கத் தெரியும், குடிக்கவும் தெரியும். மெர்லியேர் எங்க போச்சுன்னுதான் தெரியல" என்றார் அவர். கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. இந்த வீட்டுல இதைவிட நல்லதை நான் வாயில வச்சதில்லை" என்றார்.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். அவர் கத்தியிருக்க வேண்டும். கோதிலோவின் மூக்கைப் பற்றி, கோதிலோவின் அப்பன் மூக்கைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், இந்த வருஷம் குயில் சீக்கிரம் கூவிவிட்டது என்று பேச்சை மாற்றினார். எனக்குப் பயமாகிவிட்டது.

அவர்கள் மேலே போன பிறகு நானும் ருசி பார்த்தேன். மெர்லியேர் பீப்பாய், கீழ்த்தோட்டத்துப் பீப்பாய், மறுபடி மெர்லியேர். எல்லாம் ஒரே ஒயின். பீப்பாய்களில் சாக்குக்கட்டியால் பெயர் எழுதியது நான்தான். மாற்றி எழுதிவிட்டேனோ என்று நினைத்தேன். மாற்றி எழுதியிருந்தாலும் இரண்டு ருசி இருக்க வேண்டுமே, ஒன்றுதானே இருக்கிறது. குளிர்காலத்தில் மண்டியை நீக்கிப் பீப்பாய் மாற்றும்போது இரண்டும் பெரிய தொட்டியில் ஒன்றாய்ப் போய்த் திரும்பியிருக்க வேண்டும். அந்த வாரம் நான் திஜோனில் இருந்தேன், சித்தி இவோனின் கண் அறுவைக்காக. அப்பா தனியாகத்தான் வேலை பார்த்தார்.

இரண்டையும் கலந்தால் மெர்லியேர் என்ற பெயரை ஒட்ட முடியாது. வெறும் ஊர்ப் பெயரில்தான் போகும். உன் தாத்தா காலத்திலிருந்து மெர்லியேர் இல்லாத ஆண்டு இந்த வீட்டில் இருந்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் கேட்டேன். "உனக்கு ஜலதோஷம்" என்றார். எனக்கு ஜலதோஷம் இல்லை.

இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துப் பேனாவை இரண்டு முறை மூடிவிட்டேன். கொடி கழிக்கிற கத்தரியை ரொட்டிப் பெட்டிக்குள் பார்த்தேன். அது யாருக்கும் நடக்கலாம். புனித வின்சென்ட் திருநாள் ஊர்வலத்தில் சொரூபம் தூக்க வேண்டிய முறை இந்த ஆண்டு நமக்கு. ஊரே சப்பரத்தோடு வாசலில் வந்து நிற்கிறது, இவர் வீட்டுச் செருப்போடு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார். "என்ன கஸ்தோன், புனிதரை நடந்து வரச் சொல்லலாமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். ஒரு நாள் உன் அப்பா என்னிடம், "ஞாயித்துக்கிழமை உங்கப்பா சாப்பிட வர்றாரா?" என்று கேட்டார். என் அப்பாவை நாம் புதைத்தபோது நீ பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, "சும்மா விளையாட்டுக்கு" என்றார். இருக்கலாம். அவருக்கு அந்த மாதிரி விளையாட்டுப் பிடிக்கும்தானே.

டாக்டரிடம் போவோமா என்றேன். "என் மூக்கும் நாக்கும் நல்லாத்தான் இருக்கு. வேற என்ன வேணும் எனக்கு?" என்றார்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை காலை, முட்டையை வேகவைக்கக் கொஞ்சம் ஒயின் எடுக்க நிலவறைக்கு இறங்கினேன். அப்பா ஈரத்துணியால் பீப்பாய்களின் மேல் இருந்த எழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெர்லியேர் என்று எழுதியிருந்த இடங்களை எல்லாம் துடைத்துவிட்டு ஊர்ப் பெயரை எழுதுகிறார். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"நான்தான் கலந்தேன் ஓதில்" என்றார், திரும்பாமலே. "தெரிஞ்சேதான் கலந்தேன்."

ஏன் என்று கேட்டேன். ஜூலையில் அடித்த ஆலங்கட்டி மழையில் மேல்தோட்டத்துப் பழம் பாதி போனது, மிச்சம் தோல் தடித்துச் சாறு வற்றிவிட்டது, ஒயின் எலும்பும் தோலுமாய் வந்தது என்றார். கீழ்த்தோட்டத்தில் நல்ல சதை இருந்ததாம். "தனியா நிக்க முடியாத ஒயினைப் பேருக்காக நிக்க வைக்கிறது பாவம்னு அவ சொன்னா இல்ல? அவ சொன்னது சரிதான்" என்றார். பிறகு, "அவகிட்டச் சொல்லாத" என்றார்.

அவர் 'அவ' என்றது உன்னை, சொலாஞ்ச். நீ கடைசியாக இந்த மேசையில் உட்கார்ந்து அதைச் சொன்ன நாள் எனக்கு மறக்கவில்லை. "கலந்தா அது சாராயக்கடைச் சரக்கு. மண்ணோட பேரை அழிக்கிற கை இந்த வீட்டுல வேண்டாம்" என்று அவர் மேசையில் குத்தினதும், நீ தட்டைத் தொடாமல் எழுந்ததும், அதற்குப் பிறகு உன் பெயரை அவர் வாயால் சொல்லாததும்.

போன வியாழக்கிழமை நிலவறையில் கவிழ்த்துப் போட்ட தொட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். இந்த மனிதருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அதனால் ஒரு வருஷத்து ஒயினையே கலந்துவிட்டார் என்று நினைத்தேன். உனக்குக் கடிதம் எழுத அன்றே உட்கார்ந்தேன். அது இந்தக் கடிதம் இல்லை. அதைக் கிழித்துவிட்டேன்.

ஏன் என்றால், அன்று மத்தியானம் முட்டையைப் பரிமாறும்போது மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "சொலாஞ்ச் இன்னும் தோட்டத்துலயா இருக்கா? ஆறிடும், கூப்பிடு" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்.

அதிலிருந்து எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அவர் தெரிந்து கலந்தாரா? இல்லை, குழாயை மாற்றிப் போட்டுவிட்டு, கோதிலோ பாராட்டிய பிறகு காரணத்தைக் கண்டுபிடித்தாரா? காரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆலங்கட்டி அடித்தது உண்மை, பழம் வற்றியதும் உண்மை. ஆனால் கீழ்த்தோட்டத்துப் பிழிசாறு வழக்கம்போல ஒரு பீப்பாய் தனியாக இருந்தது, உனக்குத் தெரியுமே, தோலை நசுக்கி எடுக்கிற முரட்டு ஒயின். தெரிந்து கலக்கிறவர் அதைச் சேர்த்திருக்கமாட்டார். அந்தப் பீப்பாயும் இப்போது காலி. அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "எதை?" என்றார்.

என் நாக்குக்கு அவ்வளவு தெரியாது. கோதிலோவிடம் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். உனக்குத் தெரியும். அந்த முரட்டு ஒயின் உள்ளே இருக்கிறதா, வெளியே நிறுத்தினாரா என்று ஒரு வாயில் சொல்லிவிடுவாய், அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்ததே அவர்தான். ஒரு புட்டியில் ஊற்றி அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, பயணத்தில் கெட்டுவிடும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கெட்டுவிடும் என்பது பாதிதான் உண்மை.

அறுவடை முடிந்ததும் நீயே வா. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம், சும்மா வந்ததாக இருக்கட்டும். நிலவறைக்கு இறங்கி ருசி பார். உனக்கு என்ன தெரிந்தாலும் என்னிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், சொல்லாமலும் இருக்கலாம். அவரிடம் மட்டும், நல்லாக் கலந்திருக்கீங்க அப்பா என்று சொல்.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வா என்று நான் எழுதவில்லை. புட்டியில் அடைப்பதைக் கோடை வரைக்கும் தள்ளிப்போட்டிருக்கிறேன். பீப்பாயில் இருக்கிறவரை ஒயின் காத்திருக்கும். ஒயினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

புனித வின்சென்ட் உன்னையும் நீ வளர்க்கிற கொடிகளையும் காப்பாராக. வருகிற வழியில் உன் கால் எங்கும் இடறாதிருக்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
ஓதில்