இரண்டின் வால்

கம்பளைப் பெரியவர் இப்போதுதான் போனார். அவர் மேசையில் விட்டுச்சென்ற இரண்டு ரூபாய் நாணயக் குற்றி அங்கேயே கிடக்கிறது. அதைத் தொட்ட விரல்களில் உலோக வாடை. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் கடையில் சில்லறை போடும் லாச்சியிலும் இதே வாடைதான் அடிக்கும்.

உனக்கு நான் எழுதுவது இதுவே முதல் தடவை. பேராதனையில் படித்தபோது விடுதியில் ஒரே அறை, பிறகு கண்டியில் ஒரே பஸ் பாதை. எழுத அவசியம் வரவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நீ போட்டோகொப்பிக் கடை நடத்தினாய். கொண்டக்டர்கள் கொண்டுவரும் சில்லறையை வாங்கிக்கொண்டு ரூபாய்த் தாள் கொடுப்பாய். அந்தச் சில்லறையில் அச்சுப் பிழையுள்ள குற்றிகளைத் தேடுவது உன் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில், கிடைத்ததைப் பழைய பிலிம் டப்பாவில் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக்கு வருவாய். புவிச்சரிதவியல் படித்த காலத்தில் பாறைத் துண்டுகளைப் பெரிதாக்கிப் பார்க்க வாங்கிய கைவில்லை என்னிடம் இருந்தது. நாணயச் சாலையிலேயே நேர்ந்த பிழையா, வெளியே வந்த பிறகு பட்ட அடியா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அநேகமாக அடிதான். தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறியது, தீயில் கறுத்தது, துளை போட்டு யாரோ கழுத்தில் கட்டியது. நான் இல்லை என்பேன். நீ சிரிப்பாய்.

“சாமி நேர்ல வந்தாலும் நீ லென்ஸ வச்சுத்தாண்டி பாப்ப.”

ஒரே ஒரு தடவை ஆம் என்றேன். ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லாத குற்றி அது. கத்தரித்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த இடத்துக்கு நேரெதிரே விளிம்பு சரியாக எழும்பாமல் மழுங்கியிருந்தது. அச்சடிக்கும் முன்பே தகட்டில் அந்தத் துண்டு இல்லாதிருந்தால்தான் அப்படி ஆகும். பிறகு வெட்டுகிறவன் எதிர்ப்பக்கத்து விளிம்பை என்ன செய்ய முடியும்? அன்று நீ சொன்னாய்: “நீ ஆமான்னு சொல்றது லேசுல கெடைக்காது. அதுக்குத்தாண்டி பெறுமதி.” பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இரண்டு ரூபாயை நீ கொண்டுவந்த நாள் நல்ல மழை. குடையை மடக்கக்கூட இல்லை, டப்பாவைத் திறந்துவிட்டாய். குற்றியின் ஒரு பக்கம் அரச இலச்சினை. மறுபக்கமும் இலச்சினைதான், ஆனால் பள்ளமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி. இப்படி ஒரு பிழை உண்மையிலேயே உண்டு. அடித்த குற்றி அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெற்றுத் தகட்டில் அதன் உருவம் பள்ளமாகப் பதிந்துவிடும். நான் நெடுநேரம் பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில், இரண்டு என்ற எண்ணின் வால் மெல்லிய கோடாக மிஞ்சியிருந்தது. வெற்றுத் தகட்டில் இரண்டு ஏது? பட்டறையில் யாரோ நல்ல குற்றியின் எண் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்து வைத்து இறுக்கி நெரித்திருக்கிறார்கள். வில்லையை உன்னிடம் தந்து வாலைக் காட்டினேன். நீயும் பார்த்தாய். “சரி, கோயில் உண்டியல்ல போட்டுர்றேன்” என்று சிரித்தாய். நான் அதை நம்பினேன்.

பெரியவர் கம்பளையில் புடவைக் கடை வைத்திருக்கிறார், நாணயமும் சேர்க்கிறார். உன்னிடம் வாங்கியதைப் பற்றி, நீ இறந்த பிறகு என்னிடம் வந்து கேட்பது முறையில்லை என்று மாதக்கணக்காகத் தயங்கினாராம். நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் இடத்தில் இது கள்ளம் என்று சிரித்திருக்கிறார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

“நான் அவங்களுக்குச் சொன்னேன் மிஸ், இது நீங்க பாத்து அசல்ண்டு சொன்ன சாமான். நீங்க ஆமாண்டு சொல்றது லேசுல கெடைக்காதுண்டு உங்க சிநேகிதிதான் சொன்னாங்க. அதுக்காகத்தான் எடுத்தேன்.”

உன் வாக்கியம், அவர் வாயில். நீ அவருக்கு விற்றது என் சொல்லை. அதுவும் நான் சொல்லாத சொல்லை. இத்தனை வருடம் நான் சொன்ன ‘இல்லை’களெல்லாம் அந்த ஒரு பொய்யான ‘ஆம்’ என்பதற்கு விலை ஏற்றிக் கொடுத்திருக்கின்றன. உனக்கு ஏதோ கஷ்டம் இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் தந்திருப்பேன் என்பது உனக்குத் தெரியும்.

அவரிடம் வில்லையைக் கொடுத்து, வால் இருக்கும் இடத்தைக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அவங்களுக்கு இது தெரியாதுதானே, மிஸ்?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் ஆறுதலோடு பஸ் ஏறியிருப்பார். உன் பெயரும் தப்பியிருக்கும். என் பெயரில் நீ ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிவிட்டாய். இன்னொன்றை நானே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“தெரியும். நான்தான் காட்டினேன்” என்றேன்.

அவர் வில்லையை மேசையில் வைத்தார். நான் கொடுத்த தேத்தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். எழும்பும்போது, இது எனக்கு வேணாம் மிஸ் என்று குற்றியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கியதும் நான் வில்லையை எடுத்தேன். எந்தக் குற்றியையும், அடிதான் பட்டிருக்கும் என்ற சந்தேகத்தோடு பார்த்தே எனக்குப் பழக்கம். இன்றுதான் முதல் தடவையாக, அன்று நான் பிழையாகப் பார்த்திருக்க வேண்டும், இது அசலாக இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன்.

வால் அங்கேயேதான் இருக்கிறது.