ஒத்தக் காதுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ்

மச்சான்,

உன்னோடு போய் வாங்கிய கார்ட்ரிட்ஜின் ஊசி தேய்ந்துவிட்டது. அதே வகையில் புதியது ஒன்றை இன்று காலை ஈப்போ கடையிலிருந்து வாங்கி வந்தேன். தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத அந்தப் பொருளை இசைத்தட்டு சுழலும் டர்ன்டேபிளின் கையில் பொருத்தலாம் என்று திருப்புளியை எடுத்தேன். போன முறை இதைப் பொருத்தியது நீ. எனக்கு வேலை ஓடவில்லை. திருப்புளியை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குனோங் ராபாட்டில் நாம் இருபது வருடத்துக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர்கள். நீ டெலிபோன் லைன்மேன், நான் பள்ளிக்கூட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. தாப்பா பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்த எனக்கு, ஓய்வு பெற்றதும் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. சேர்த்து வைத்திருந்த பழைய இசைத்தட்டுகளை உயர்ந்த ரகக் கார்ட்ரிட்ஜ் ஒன்றில் கேட்க வேண்டும். ஊசி தட்டைத் தொடும் இடத்தில் கோட்டை விட்டால், பிறகு எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைத்தும் பயனில்லை என்று உன்னிடம் ஓயாமல் சொல்வேன். நீ பாட்டுப் பைத்தியம் இல்லை. ஆனாலும் ஒரு சனிக்கிழமை என்னோடு அந்தக் கடைக்கு வந்தாய்.

மாடியறையில் கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று கார்ட்ரிட்ஜுகளை ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார். மூன்றிலும் எனக்கு ஒரே குறை. இடப்பக்கம் மங்கலாக இருந்தது. வயலின் வலப்பக்கம் பளிச்சென்று கேட்கிறது, இடப்பக்கத்துத் தபேலா துணி போர்த்தியதுபோல் கேட்கிறது என்றேன். தவுக்கே டர்ன்டேபிள் கையின் சாய்வைச் சரிபார்த்தார், ஊசி அழுத்தும் எடையைச் சரிபார்த்தார், வேறு தட்டுப் போட்டார். நான் திருப்தியடையவில்லை. இவ்வளவு விலை சொல்லி ஓட்டைச் சாமானை விற்கப் பார்க்கிறார் என்று தமிழில் உன்னிடம் முணுமுணுத்தேன்.

நீ எழுந்து, அவரிடம் கேட்டுக்கொண்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் இருந்த இரண்டு ஒயர்களை இடம் மாற்றினாய். "இப்ப எந்தப் பக்கம் மங்கல்?"

"இடப்பக்கம்தான்."

"எந்திரி. நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உக்காரு."

ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இப்போது வலப்பக்க ஸ்பீக்கர் என் இடப்பக்கம். அப்போதும் மங்கல் இடப்பக்கம்தான். நீ என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தாய். முப்பது வருடம் லைனில் கோளாறு தேடிய ஆள் நீ.

"கார்ட்ரிட்ஜ்ல ஒண்ணும் இல்ல மச்சான். உன் காதுலதான் இருக்கு. டாக்டர்கிட்ட காட்டணும் லா."

தவுக்கே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அன்று நான் சொன்னதை இன்று எழுதவும் கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. "உன்னால வாங்க முடியாத சாமான நான் வாங்குறேன்னு வயிறு எரியுதா?" என்று கேட்டேன். காரை ஓட்டி என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனாய்.

மூன்று வாரம் நாம் பேசவில்லை. காலையில் உன் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்கும். நான் வெளியே வரமாட்டேன். நீயும் சமாதானம் பேச வரவில்லை. சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை.

பிறகு ஒருநாள் மகள் போன் செய்தாள். வலது கையில் தேநீர்க் குவளை இருந்ததால் போனை இடது காதில் வைத்தேன். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்று திட்டிக்கொண்டே வலது காதுக்கு மாற்றினேன். "அப்பா, எவ்வளவு நேரமா கத்துறேன்!" என்றாள், தெளிவாக.

உன் வீட்டுக்கு நடந்து வந்தேன். நீ மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்த்ததுமே குழாயை மூடினாய். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அதெல்லாம் பிறகு. ஏறு," என்றாய். ஈரக் கால்சட்டையோடு என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாய்.

கேட்கும் திறனைச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இடது காதுக்கு உள்ளே, கேட்கும் நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் வளர்ந்து மூளையை அழுத்தியிருக்கும் என்றார் டாக்டர். கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்தபோது என் மகளுக்குப் பக்கத்தில் நீ இருந்தாய். இடது காது முழுதாகப் போய்விட்டது. உயிரும், கோணாத முகமும், தள்ளாடாத நடையும் மிஞ்சின. அதற்குப் பிறகு நாம் சேர்ந்து நடக்கும்போதெல்லாம், நான் கேட்காமலே நீ என் வலப்பக்கத்துக்கு மாறிக்கொண்டாய்.

இசைத்தட்டு அலமாரியை நான் திறக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து நீதான் வந்து, "கடைக்குப் போலாம், வா," என்றாய்.

"ஒத்தக் காதுக்கு எதுக்கு மச்சான் உசந்த கார்ட்ரிட்ஜ்?"

"ரெண்டு காது உள்ளவன் எதையும் கேட்டுட்டுப் போவான். ஒத்தக் காதுக்காரனுக்குத்தான் உசந்தது வேணும்."

கடையில் தவுக்கேயிடம் விஷயத்தை நீயே சொன்னாய். அவர் உள்ளேயிருந்து, பக்கம் பிரிக்காமல் ஒரே ஒலியாகத் தரும் மோனோ கார்ட்ரிட்ஜ் ஒன்றை எடுத்து வந்தார். என்னிடம் இருந்த தட்டுகளில் பெரும்பாலும் ஸ்டீரியோ வருவதற்கு முந்தியவை. இடம் வலம் என்ற பிரிவே அவற்றில் இல்லை. ஊசி இறங்கியது. தபேலாவும் வயலினும் பாடுபவரின் மூச்சும் ஒன்றாக, முழுதாக என் வலது காதுக்குள் வந்தன. எதுவும் குறையவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். "நல்லா இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாய்.

அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள், நீ சர்ச்சிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுப் போனாய். போன வருடம் உன்னைக் கொண்டுபோன நெஞ்சுவலி யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. உனக்கு நன்றி என்று ஒருமுறைகூட முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல வந்தபோதெல்லாம் நீ பேச்சை மாற்றிவிட்டாய்.

போன வாரம் பாரிட் புந்தாரில் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மனைவி வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று ஓயாமல் குறைப்பட்டுக்கொண்டான். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். அவள் எதிரிலேயே சொன்னேன்: "அவகிட்ட ஒண்ணும் இல்லடா. உன் காதப் போய்ப் பாரு."

"நீ என்ன டாக்டரா?" என்று எழுந்து போய்விட்டான். அதிலிருந்து போன் இல்லை.

முன்பென்றால் நானே கூப்பிட்டு, சும்மா சொன்னேன் என்று மழுப்பியிருப்பேன். இப்போது மழுப்பப் போவதில்லை. அவன் எந்த நாளில் கூப்பிட்டாலும், அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.