தொட்டால் ஒட்டாது

மாசி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. கரும்பு வெட்டுக்குப் போகவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. சீட்டு வாங்க இரண்டு மணி நேரம், டாக்டரைப் பார்க்க ஐந்து நிமிஷம்.

புது டாக்டரம்மா. சின்ன வயசு. முட்டி, முழங்கை, முதுகு எல்லாம் படர்ந்திருக்கும் செதிலை வெறும் கையால் தடவிப் பார்த்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். சிரித்தார்.

"பயப்படாதீங்க. இது ஒட்டாது. தொட்டா வராது."

"அப்பறம் எனக்கு எப்டிம்மா வந்துச்சி?"

"ரத்த வழியா. அப்பா அம்மாகிட்டேருந்து வித்து மாதிரி இறங்கும். ஒரு வித்து இல்ல, பல வித்து. இருந்தாலும் எல்லாருக்கும் முளைச்சுடாது. காயம், தொண்டைப் புண்ணு, குளிரு, கவலை, இதெல்லாம் அதுக்குத் தண்ணி ஊத்தற மாதிரி. வீட்ல வேற யாருக்கு இருந்துச்சு?"

யாருக்கும் இல்லை என்றேன்.

தினம் அரிப்பு எப்படி என்று குறித்துவரச் சொன்னார். அதற்குத்தான் இந்த நோட்டு. அ என்றால் அரிப்பு, செ என்றால் செதில். அதை மட்டும் தனித் தாளில் எழுதிக் காட்டிக்கொள்ளலாம். மற்றது எனக்கு. பள்ளிக்கூடம் போகாதவன் எழுத இவ்வளவு நேரம் ஆகிறது. எழுத்து கற்றுக்கொடுத்தது தங்கச்சி தனம். அவள் மூணாவது படிக்கும்போது எனக்கு அடி கூட கொடுத்திருக்கிறாள்.

அ ஜாஸ்தி. செ ஜாஸ்தி.

பஸ்ஸில் வரும்போதுதான் நினைவு வந்தது. அம்மா தலையில் எப்போதும் ஒரு துண்டு. கேட்டால் "பொடுகுடா" என்பாள். பொடுகுக்கு யாராவது ரத்தம் வரச் சொறிவார்களா.

இத்தனை வருஷமாக இது கரும்பு வெட்டு மேஸ்திரியிடமிருந்து வந்தது என்று இருந்தேன். அவருக்கும் கையெல்லாம் செதில். பதினாறு வயசில் கரும்புக் கொல்லையில் அவர் துண்டை வாங்கி முகம் துடைத்தேன், அடுத்த மாசம் முட்டியில் ஆரம்பித்தது. அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. மனுஷன் போன ஐப்பசியில் செத்தும் போனார்.

மாசி 5, வியாழன்

பனி. கரும்புத் தோகை கீறிய இடத்திலெல்லாம் கோடு கோடாகச் செதில். அ ஜாஸ்தி.

தைலத்துக்கு வெட்பாலை இலை தீர்ந்துவிட்டது. வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். அந்த வளைவுகளில் எனக்கு முன்சீட்டுக்காரர் வாந்தி. பிறகு அவரே என்னைப் பார்த்து, "மூஞ்சி வெளுத்துட்டுது, மாத்திர வேணுமா?" என்றார். மேலே இலை பறித்துத் தரும் மலைக்காரப் பெரியவர் திட்டினார். "தேங்காயெண்ணெயில போட்டு வெயில்ல வையி. கத்திரிக்கா நெறம் வரணும். நீ அவசரப்பட்டு எடுத்துடற." பனிக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவேன் என்றேன். அது உன் பாடு என்றார்.

திரும்பும்போது ஒரு வளைவில் கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. அதில் வடகிழக்கே எங்கோ மணலூர்பேட்டைப் பக்கம் தனத்தின் வூடு. அங்கே அவள் பாப்பா.

பாப்பாவுக்குப் பதினோரு மாசம். மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்றும் வாசற்படியிலிருந்து. தூக்கியதில்லை.

அடுத்த வார வெள்ளிக்கிழமை காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். ஆனால் தனத்தின் மாமியார், என் இடத்தில் உட்கார எங்கள் பெரியப்பா மகன் முருகேசனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குப் பத்திரிகை மட்டும்.

டாக்டரம்மா சொன்னதைப் போய்ச் சொன்னால்?

மாசி 7, சனி

வெயில் வந்தது. தைலத்தை வெளியே வைத்தேன். அ கம்மி.

தனம் விசேஷத்துக்குத் துணி எடுக்க சங்கராபுரம் வந்திருந்தாள். கடை வாசலில் பிடித்தேன். மறுபடி முழுகாமல் இருக்கிறாள், மூணு மாசம். வெயிலில் நிற்க வேண்டாம் என்று டீக்கடை நிழலுக்குக் கூட்டிப் போனேன்.

"தொட்டா ஒட்டாதாம் தனம். டாக்டரம்மாவே சொல்லிடுச்சி."

குதித்தாள். "நெசமாவா? அப்ப நீதான்ணா உக்காரணும். நான் இன்னைக்கே எங்க அத்தகிட்ட சொல்லிடறேன்."

பிறகு மற்றப் பாதியையும் சொன்னேன். ரத்த வழி என்று. அம்மாவின் தலைத் துண்டு. டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள் அவள்.

போன வருஷம் அவள் நாத்தனாருக்கு வந்த மாப்பிள்ளை வீட்டில் சித்தப்பாவுக்கு வெண்குஷ்டம் என்று தெரிந்ததும், "வம்சத்துல இருக்கறதக் கொண்டாந்து என் வூட்ல வெதைக்கவா?" என்று தட்டைத் திருப்பி அனுப்பியவர் அந்த மாமியார்.

"பாதிய மட்டும் சொல்லேண்ணா. ஒட்டாதுன்னு மட்டும்."

"அப்ப எப்டி வந்துச்சின்னு அடுத்த கேள்வி வரும். நானே கேட்டனே."

"வந்தா வரட்டும்ணா. இன்னா, வெளிய தொரத்திடுவாங்களா?"

"தொரத்த மாட்டாங்க. பாப்பாவுக்கு ஒரு கொசு கடிச்சித் தடிச்சாலும் உன் ரத்தம்னு உன்னத்தான் பாப்பாங்க. வயித்துல இருக்கறதுக்கும் சேத்து."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாப்பா பாவாடைக்குப் பச்சையா சிவப்பா என்று கேட்டாள். சிவப்பு என்றேன்.

மாசி 11, புதன்

மேகம். அ ஜாஸ்தி. ராத்திரி சொறிந்ததில் பாயில் செதில்.

கொண்டுபோக: தோடு (எடுத்தாச்சு). தட்டு மூணு. வெல்லம், வாழைப்பழம், மஞ்சள், பூ. முழுக்கைச் சட்டை துவைக்க. தைலம் அன்றைக்குத் தடவ வேண்டாம், கறை படும்.

யார் மேல் கறை படும் என்று பிறகு யோசித்தேன்.

சும்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பூசணிக்காயை மடியில் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வூட்டு அஞ்சலை பார்த்துவிட்டு, "இன்னா மாமா, பூசணிக்குக் காது குத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஊரெல்லாம் சொல்லியிருப்பாள்.

மாசி 13, வெள்ளி

பனி இல்லை. முதல் பஸ்.

பந்தல், மைக்செட், நல்ல கூட்டம். தட்டுகளைக் கொடுத்தேன். மாமியார் வாங்க என்றுதான் கூப்பிட்டார், குறை சொல்ல முடியாது. காப்பி கொடுத்தார்கள், பேப்பர் கப்பில். மற்றவர்களுக்கு டம்ளர்.

ஆசாரி வந்து உட்கார்ந்ததும் முருகேசன் என்னைப் பார்த்தான். "அண்ணன் இருக்கசொல்லோ நான் எப்டி?" என்றான். நல்ல பையன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தனம் பாப்பாவோடு நின்றாள். சிவப்புப் பாவாடை. அவள் வாய் திறக்கப்போவது தெரிந்தது.

மாமியார் முந்திக்கொண்டார். "ஒன்ன ஒதுக்கணும்னு எங்களுக்கு ஆசையாப்பா? கொழந்தத் தோலு, ஒட்டிக்கினா இன்னா பண்றது? ஒங்க வம்சத்துல வேற யாருக்கும் இல்லதானே?"

"இல்லீங்க அத்த. கரும்புக் கொல்லையில, மேஸ்திரி துண்டுல ஒட்டிக்கினது. முருகேசா, நீ உக்காருடா."

"அதான பாத்தேன்" என்றார். முகம் தெளிந்தது.

முருகேசன் மடியில் குத்தினார்கள். பாப்பா வீறிட்டு அழுதாள். எந்த மடியானாலும் அழத்தான் செய்திருப்பாள். தோட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

கிளம்பும்போது தனம் தெரு முனைவரை ஓடி வந்தாள். "உன் வாயாலயே ஒட்டும்னு சொல்லிட்டியேண்ணா. இனிமே எப்ப தூக்குவ?" போய்ப் பந்தியைப் பார் என்றேன்.

சங்கராபுரம் வழி கள்ளக்குறிச்சி பஸ். ஜன்னலோர சீட் கிடைத்தது. அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. கையில் பை, இடுப்பில் பிள்ளையோடு ஒரு பொம்பளை என் பக்கத்தில் நிற்க இடமில்லாமல் சாய்ந்தாள்.

"அண்ணா, இவள செத்த வச்சிக்கினு இரு."

நான் பதில் சொல்வதற்குள் மடியில் வைத்துவிட்டாள். பெண் பிள்ளை. ஒரு வயசு இருக்கும். சட்டைக் கை பட்டன் போட்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சொல்ல வேண்டுமா? சொல்லவில்லை. ஒட்டாது, ஒட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதுவே என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டது. வாயோரம் எச்சில், தலையில் பால் வாசனை.

எங்கள் ஊர் வந்தது. கண்டக்டர் தெரிந்தவர். "யோவ், உன் ஸ்டாப்பு. எறங்கல?"

கள்ளக்குறிச்சி வரைக்கும் இன்னொரு டிக்கெட் கேட்டேன்.