கப்பியில் தேய்ந்த கயிறு

பிப்ரவரி 12, திங்கள்

காலையிலிருந்து கடையில் கூட்டம். தார்ப்பாய் மட்டும் நாற்பது உருப்படி போனது. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, நாங்கள் போய்க்கொண்டிருக்கும் பாய்மரப் படகுப் பயிற்சியின் முடிவு வந்தது. ஆழ்கடல் பயணத்துக்குத் தேறியது மூன்று பேர்: நான், கூடப் படிக்கும் பல் டாக்டர், என் மனைவி.

துணைக்கு வரட்டும் என்று நான்தான் அவளையும் சேர்த்துவிட்டேன். ஜோடியாகச் சேர்ந்தால் கட்டணத்தில் சலுகை. சலுகை என்றால் என் கை தானாக நீளும். இப்போது பட்டியலில் அவள் எனக்கு மேலே. பதினோரு மதிப்பெண் அதிகம்.

"பதினொண்ணுதானேங்க" என்கிறாள். சமாதானமாம்.

பிப்ரவரி 15, வியாழன்

யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். எனக்கு வயிறு எரிகிறது.

இருபத்தாறு வருஷமாகக் கயிறு விற்கிறேன். விரலில் உருட்டிப் பார்த்தே என்ன நூல், எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லிவிடுவேன். ஒற்றை ஷட்டர் கடையை மூன்று மாடி ஆக்கியவன். ஆனால் முடிச்சு? அந்தக் காலத்தில் நான் வாசலில் நின்று பேசி விற்றேன், அவள் உள்ளே உட்கார்ந்து கட்டு கட்டினாள். பத்து வருஷம். அந்த விரல்கள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகின்றன. நான் போட்டது நேற்று அவிழ்ந்து, படகு துறையை விட்டு மெல்ல நழுவிப் போனது.

பல் டாக்டர் சொன்னார்: "கடைக்காரரே, உங்க கயிறு என்னவோ நல்லாத்தான் இருக்கு."

மார்ச் 2, சனி. கடலில்

கிளம்பிவிட்டோம். கரை மறைந்து மூன்று மணி நேரம்.

சொல்லித்தரும் கேப்டன் அம்மா பதினெட்டு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தவர். சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டால்கூடத் தேவலை. இந்தப் பயணத்தில் ஒருவருக்குத்தான் கேப்டன் சான்றில் கையெழுத்துப் போடுவாராம். அது இல்லாமல், நான் விலை பேசி முடித்து வைத்திருக்கும் நீலப் படகைத் துறைமுக வாயைத் தாண்டி ஓட்ட முடியாது. அந்தச் சான்று எனக்கு வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும்.

இந்தப் படகில் ஒரு வழக்கம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சுக்கான் கை மாறும். "எது சரியா இருக்குன்னு சொல்ல வேணாம். எது பயமா இருக்குன்னு சொல்லுங்க. சொல்லாம யாரும் எடத்த விட்டு நகரக் கூடாது" என்றார்.

என் முறை வந்தது. "பயம் ஒண்ணும் இல்ல. எல்லாம் ஜோர்" என்றேன்.

"இன்னும் கடையிலயே நிக்கிறீங்க" என்றார்.

பின்னே? பயத்தை வெளியே காட்டுகிறவன் வியாபாரம் செய்ய முடியுமா?

மார்ச் 3, ஞாயிறு

வாந்தி. நாலு தடவை. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இன்னொரு கையால் பிஸ்கட் தின்கிறாள்.

மார்ச் 4, திங்கள்

அவள் சுக்கான் பிடித்தாள். படகு தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. நான் பிடித்தால் மாட்டு வண்டி.

"காத்து மாறுறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிடுது" என்று கேப்டன் அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு நாளாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

சாப்பிடும்போது கேட்டேன்: "எப்படித் தெரியுது உனக்கு?"

"கழுத்துல படுதுங்க."

"எனக்குப் படலையே."

"நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க."

பல் டாக்டருக்குப் புரையேறியது.

மார்ச் 5, செவ்வாய்

நாளைக்குத் தேர்வு. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நான். பன்னிரண்டிலிருந்து நாலு வரை அவள். அவள் ஒரு தப்பு செய்தால் போதும். ஒன்றே ஒன்று. பெரிதாக வேண்டாம்.

இதை என் பெண்டாட்டியைப் பற்றியா எழுதுகிறேன்?

மார்ச் 6, புதன்

இன்று எழுத முடியாது. எழுதினால் அது என் கையெழுத்தில் இருக்கும்.

மார்ச் 7, வியாழன்

எழுதுகிறேன்.

நேற்று என் நாலு மணி நேரமும் நன்றாகவே போனது. பதினொன்றே கால் இருக்கும். பெரிய பாயின் அடிக்கட்டையை இழுத்துப் பிடிக்கும் கயிறு கப்பிக்குள் நுழையும் இடத்தில் கண் நின்றது. மேலுறை நைந்து, உள்நூல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், என் பிழைப்பே அது. இப்படி ஒரு சுருளை யாராவது என் கடையில் இறக்கினால் லாரியோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஆனால் சொன்னால் பாயை இறக்கிக் கயிறு மாற்ற வேண்டும், என் நேரம் அதிலேயே போய்விடும், அவளுக்குப் புதுக் கயிறு கிடைக்கும் - அப்படித்தான் யோசித்தேன். இல்லை. அதுவும் பொய். அவள் கையில் போய் அறுந்தால் என்ன என்று யோசித்தேன். அதான் உண்மை. அதேதான்.

பன்னிரண்டு மணிக்கு அவள் வந்து நின்றாள். "பயம் என்ன?" என்று கேட்டாள், வழக்கப்படி.

"ஒண்ணும் இல்ல."

ஒன்றரை மணிக்குக் காற்று ஏறியது. கயிறு படீரென்று அறுந்தது. கட்டை வெளிப்பக்கம் சுழன்று, பாய்மரத்தைத் தாங்கும் இரும்பு வடத்தில் மோதியது. அறுந்த முனை சாட்டை மாதிரி வந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது. அவள் கத்தவில்லை. "டாக்டர், தலைய குனிங்க!" என்றாள். ஒற்றைக் கையால் படகின் மூக்கைக் காற்றைப் பார்த்துத் திருப்பினாள். "ஏங்க, பாய எறக்குங்க!" நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் கால் நகர்ந்தது.

ஐந்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் இல்லை, வீக்கம்தான். பல் டாக்டர் கட்டுப் போட்டார். "பல்லா இருந்தா புடுங்கியிருப்பேன்" என்றார். அவள் சிரித்தாள். அடப்பாவி, அந்தக் கையை வச்சிக்கிட்டு சிரிக்கிறாளே.

மார்ச் 8, வெள்ளி

காலையில் நான் சுக்கானைக் கேப்டனிடம் ஒப்படைக்கும் நேரம். அவள் பக்கத்தில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தாள். "பயம் என்ன?" என்று கேப்டன் கேட்டார்.

சொன்னேன். அந்தக் கயிற்றைப் பார்த்தேன், பார்த்தும் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை - எல்லாம்.

கேப்டன் சுக்கானை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "கெளம்புறதுக்கு முன்னாடி நான் தடவிப் பாத்த கயிறு அது. எனக்குத் தெரியல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படிப்பட்ட கண்ணு இருந்தும் வாய் தெறக்கலன்னா உங்கள நம்பி நான் யாரை அனுப்ப? அடுத்த வருஷம் வாங்க."

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "எப்ப பாத்தீங்க?"

"பதினொண்ணே காலுக்கு."

"முக்கா மணி நேரம்" என்றாள். குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

கரை. கையெழுத்து அவளுக்கு.

மார்ச் 19, செவ்வாய்

வீட்டில் பேச்சு உண்டு. "தண்ணி வரல", "கேஸ் சொல்லணும்", "கதவைப் பூட்டினீங்களா". அவ்வளவுதான். கெஞ்சிப் பார்த்தேன், புடவை வாங்கிப் பார்த்தேன். பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டாள். பேரம் பேசிப் பேசியே வளர்ந்தவன் நான். அவளிடம் எதை வைத்துப் பேரம் பேசுவது?

ஏப்ரல் 9, செவ்வாய்

நீலப் படகு வந்துவிட்டது. பதிவுப் படிவத்தில் சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயர். கேப்டன் என்ற இடத்தில் அவள் பெயரை நானே எழுதினேன். பேனா ஒழுங்காகத்தான் ஓடியது. நான்தான் இரண்டு தடவை நிறுத்தினேன்.

ஏப்ரல் 18, வியாழன்

சனிக்கிழமை அவள் கிளம்புகிறாள். உடன் பல் டாக்டரும் அவர் மனைவியும். என்னைக் கூப்பிடவில்லை. "கயிறு எல்லாம் நீங்க பாத்துக் குடுங்க" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முழுசாக ஒரு வாக்கியம்.

கடையில் இருப்பதிலேயே உசத்தியான சுருள்களை எடுத்து, மாடியில் விரித்து, கையால் தடவித் தடவிப் போனேன். ஒரு சுருளில் முப்பத்தெட்டாவது மீட்டரில் உள்ளே மெத்தென்று இருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. நானே விற்கும் சரக்கு. போய்ச் சொன்னேன். "இது வேணாம். உள்ள நூல் விட்டுப்போயிருக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வேற கொண்டு வாங்க" என்றாள்.

ஏப்ரல் 20, சனி

துறையில் காலை ஏழு மணி. அவள் சுக்கானில். கரைக் கயிறு என் கையில். அவிழ்க்கக் குனிந்தேன்.

"இருங்க. பயம் என்ன, சொல்லிட்டு அவுத்து விடுங்க."

பல் டாக்டர் என் முகத்தையே பார்த்தார்.

"கயிறெல்லாம் நல்லா இருக்கு. நீ என்னைவிட நல்லா ஓட்டிடுவே. அதான் பயம்."

"அது பழைய பயம்" என்றாள். சிரித்தாளா? வெயில் எதிரே அடித்தது, சரியாகத் தெரியவில்லை.

அவிழ்த்தேன். படகு துறைமுக வாயைத் தாண்டும்வரை நின்றேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். பிறகு கையில் இருந்த கயிற்றை அவள் சுற்றுவது போலச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு தடவை முறுக்கிக்கொண்டது. பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றினேன்.