உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால்

ஊர்சின்,

லடீனா போகவில்லை. முதலில் ஷூவைக் கழற்று, உட்கார்ந்து மீதியைப் படி.

எட்டு மணிக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வந்தது. அபாயம் மூன்றிலிருந்து நான்காம் படிக்கு ஏறிவிட்டது. அவளே போனில் பார்த்தாள், கூடப் போகவிருந்த நேசாவை அவளே கூப்பிட்டாள். "வேணாம்டி, இன்னிக்கு அந்தச் சரிவுல கால் வைக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமை போலாம்." மலைக்குடிலுக்கும் இடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு மறுபடி போர்வைக்குள் போய்விட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பார்லி சூப் அடுப்பில் இருக்கிறது. விடியலிலிருந்து சாலையில் பனி தள்ளிவிட்டு வருகிறாய், நின்றுகொண்டே குடிக்காதே. பதினொரு மணிக்கு நேசா வருவாள். வால்நட் கேக் முழுவதையும் நீயே தின்றுவிடாதே.

வழிகாட்டி இல்லாமல் பனியில் சறுக்கப் போகிறேன் என்ற நம் மகளைத் தடுத்ததற்காக நேற்று உன்னைக் கல்நெஞ்சன் என்றேன். தப்புதான். ஆனால் நீ செய்ததும் சரியில்லை.

நிலவறைச் சாவி ரொட்டிக் கூடையில்.

செரெய்னா

பி.கு. சாவி எதற்கென்றால், மேடேற ஸ்கீயின் அடியில் ஒட்டுவாளே, அந்தப் பட்டைகளை நீ உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமையே கண்டுபிடித்து, பசையைச் சரிபார்த்து, "அப்பா நிம்மதியா தூங்கட்டும்மா" என்று அதே இடத்தில் வைத்துவிட்டாள். அவள் எழுவதற்குள் நீயே எடுத்துவந்து கொக்கியில் மாட்டிவிடு.