எடுத்துக் கொடுக்காத வரி

ஓசூர்,
12.07.2025

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் போல நானும் உங்களை ஐயா என்றே கூப்பிட வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் சொன்னீர்கள். வீட்டிலும் அதுவே நின்றுவிட்டது. ஐம்பத்தோரு வயதில் மாற்றிக்கொள்ள எனக்கு வரவில்லை.

போன வருடம் இண்டூர் வீட்டை விற்றுவிட்டு, பெற்ற மகனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த முதியோர் குடியிருப்பில் போய்ச் சேர்ந்தீர்கள். தங்கை கோகிலவாணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா இறந்த வீடு அது. உங்கள் வீடு, உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு கோகிலா எனக்குப் போட்டோ அனுப்ப ஆரம்பித்தாள். அங்கே திங்கட்கிழமை ஓவியம், புதன்கிழமை பாட்டு, வெள்ளிக்கிழமை தெருக்கூத்து என்று வகுப்பு நடக்கிறதாம். நீங்கள் வத்தல்மலையை வரைந்து பச்சை அடித்திருந்ததைப் பார்த்தேன். மலை கோணலாக இருந்தது. காலில் சலங்கையோடு நீங்கள் நிற்கும் படம் வந்த அன்று, கல்லூரியில் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1991 பங்குனி. எனக்குப் பதினேழு வயது. ஊர்த் திருவிழாவில் கூத்து வாத்தியார் தானே கட்டிய 'தேர் திரும்பிய கதை'யில் எனக்கு இளவரசன் வேஷம் கொடுத்திருந்தார். நாற்பது நாள் ஒத்திகை. பொழுது சாயும் நேரத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்தீர்கள். "பரீட்சைக்குப் பத்து நாள் இருக்குது, மூஞ்சியில சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கியா? கூத்தாடிக்குப் பொண்ணு குடுக்கறவன் எவன்டா?" என்று கேட்டு, கிரீடத்தைப் பிடுங்கிப் போட்டு, கடைவீதி வழியாக என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். ஊரே பார்த்தது. டீக்கடையிலிருந்து எவனோ, "இளவரசரு பட்டணப் பிரவேசம் போறாரு டோய்" என்று கத்தினான். அம்மா தேங்காய் எண்ணெய் தடவி என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அன்று அவள் அழுததற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நீங்கள் சொன்ன இயற்பியலையே படித்தேன். இருபத்தெட்டு வருடமாக அதையே நடத்துகிறேன். ஒரு நாளும் பிடித்து நடத்தியதில்லை.

மே மாத ஆண்டு விழாவுக்கு நான் வந்திருந்தேன். வாழ்த்துவதற்காக இல்லை. நீங்கள் தடுமாறுவதைப் பார்க்கத்தான் வந்தேன். கோகிலாவிடம்கூடச் சொல்லாமல், சாப்பாட்டுக் கூடத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றேன்.

அதே கூத்து. கூத்து வாத்தியாரின் மகன் அறிவழகன்தான் உங்களுக்குச் சொல்லித்தருகிறார் என்பது அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. நீங்கள் ராஜா. மகனைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு, வெறும் தேர் திரும்பி வருவதைப் பார்க்கிற கிழ ராஜா. திரையை விலக்கிக்கொண்டு வந்தீர்கள். எண்பது வயதுக் குரல் நடுங்கவில்லை. மனமில்லாமல்தான் சொல்கிறேன், நன்றாக இருந்தது.

வாசலில் நின்றவனை வாவென்று சொல்லாமல்
வாளெடுத்துப் போவென்று வழியனுப்பி வைத்தேனே

இரண்டு வரி பாடினீர்கள். மூன்றாவது வரவில்லை.

மத்தளக்காரர் அதே தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். பின்பாட்டுக்கு நின்ற தங்கம்மாளும் காசியம்மாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அறிவழகன் அடுத்த வேஷத்துக்கு உடுப்புக் கட்டிவிட உள்ளே போயிருந்தார். ஆடுகிறவனுக்கு வரி மறந்தால் தெரிந்தவர் யாராக இருந்தாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவனும் கொடுக்கலாம். கூத்தில் அதுதான் முறை. ஒத்திகையில் எல்லா வேஷத்தின் பாட்டும் எனக்குப் பாடம். முப்பத்து நாலு வருடத்தில் ஒரு சொல் மறக்கவில்லை. வாய்வரை வந்தது. நான் கொடுக்கவில்லை.

நீங்கள் கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்தீர்கள், வகுப்பில் பதில் சொல்ல ஆள் தேடுவது போல. பார்வை என் பக்கம் வந்தபோது தொட்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அப்புறம் காசியம்மாள் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள், ரைம்ஸ் மறந்த குழந்தைக்குத் தட்டுவது போல. நீங்களே கிரீடத்தைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனீர்கள்.

கேட்டில் அறிவழகன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சாரே கேட்டு வாங்கின வேஷமுங்க இது. இளவரசனுக்கு நம்ம சென்றாயன் தாத்தாவப் போடலாமுன்னேன். எழுபத்தஞ்சு வயசு இளவரசன், சனம் நல்லா சிரிக்குமில்லீங்க. சார் ஒத்துக்கல. அந்த வேஷத்துக்கு ஆளிருக்குது, வேற யாரையும் போடாதீங்கன்னுட்டாரு. இளவரசன் வர்ற கட்டத்தையே எடுத்துட்டோமுங்க" என்றார். நான் பஸ் ஏறினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரிடமும் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை.

அன்று அரிதாரத்தோடே படுத்துவிட்டீர்கள், சமையல் செய்கிற குள்ளம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து தட்டியும் கதவைத் திறக்கவில்லை என்று கோகிலா சொன்னாள். அதிலிருந்து எந்த வகுப்புக்கும் போவதில்லையாம். சாப்பாடு அறைக்கே வருகிறதாம், பாதி அப்படியே திரும்பிப் போகிறதாம். பாட்டு நோட்டைக் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னீர்களாம். குள்ளம்மாள் போடவில்லை. அரிசி டிரம் மேல் இருக்கிறது. "மறதி வந்திருச்சும்மா. இன்னைக்குப் பாட்டு, நாளைக்கு உம்பேரு" என்று நீங்கள் சொன்னதைச் சொல்லிவிட்டு கோகிலா போனில் அழுதாள். மறந்துபோகும் பெயர்களில் என் பெயரையும் சொன்னீர்களா என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

இதற்காகத்தான் எழுதுகிறேன். ஒரு வரி மறப்பதற்கு நோய் என்று பெயர் வைக்காதீர்கள். முப்பது வயதுக்காரனும் மறக்கிறான். எடுத்துக் கொடுக்க ஆள் இருப்பதால் வெளியே தெரிவதில்லை. அன்று உங்களுக்கும் ஆள் இருந்தான். வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நின்றான். பழி தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. அந்த வரி இரண்டு மாதமாக என் வாயிலேயே கிடக்கிறது. போர்டில் எழுதும்போது வருகிறது, சாப்பிடும்போது வருகிறது. கடைவீதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது தனி. இது நான் செய்தது.

வரி இதுதான்:

திரும்பி வருவானென்று திரைவிலக்கிப் பார்க்கிறேன்
தேர்மட்டும் வந்ததடா, தேரிலே நீயில்லை

ஆடிப் பதினெட்டுக்கு மறுபடியும் போடுகிறார்களாம். ராஜா வேஷத்தை அறிவழகன் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. குள்ளம்மாளிடம் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போங்கள். சலங்கை கட்டுவதற்கு முன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். நான் இந்த முறை தொட்டிப் பக்கம் நிற்க மாட்டேன். முன்வரிசையில், உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிற வலப்பக்கம் உட்கார்ந்திருப்பேன். பாட்டு நின்றுவிட்டால் என்னைப் பாருங்கள்.

கடிதம் வந்தால் யார் எழுதியது என்று கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பீர்கள். அம்மா இறந்த வருடம் நான் எழுதிய இரண்டு கடிதங்களையும் என் பெயரைப் பார்த்ததும் மடித்துத் திருப்பி அனுப்பினீர்கள். மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் கோழை என்று காலைப் பிரார்த்தனையில் சொன்னவரும் நீங்கள்தான். ஆனால் பள்ளிக்கு வந்த மொட்டைக் கடுதாசிகளை நீங்கள் ஓர் எழுத்து விடாமல் இரண்டு முறை படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் யார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இருந்தாலும் முதல் பக்கத்துக்கு நீங்கள் வரவேண்டுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். பெயர் எழுதாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.